மூன்று புள்ளி

2025 ஜூலை 7
அரசடியில் மாமாவின் போட்டோக்கொப்பிக் கடையில் சீல் செய்ய யன்னலோரம் ஒரு மேசை கிடைத்தது. புற ஊதா விளக்குப் பெட்டி, இரண்டு கண்ணாடி, ஒரு போத்தல் பொலிமர். லேசர் மெஷினுக்குக் கனக்கக் காசு வேணும், அது பிறகு. றப்பர் சீல் என்று ஊரே சொன்னாலும் இந்த முறையில் றப்பர் இல்லை. தேன் மாதிரி இருக்கிற பொலிமர் ஒளி பட்ட இடத்தில் இறுகும். படாத இடம் கழுவினால் போய்விடும்.

ஜூலை 9
பிலிம் என்கிற கண்ணாடித்தாளில் எழுத்து வழியாக மட்டும் ஒளி போகும், சுற்றிவரக் கறுப்பு. ஒரு பிலிமின் கறுப்புப் போதாமல் ஒளி கசிந்தது. இரண்டை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினேன். பொலிமரின் முதுகுப் பக்கம் 20 செக்கன் ஒளி காட்டினால் அடித்தளம் இறுகுகிறது, பிறகு பிலிம் பக்கம். கழுவிய பின் தண்ணீருக்குள் வைத்து மறுபடி ஒளி காட்டினால்தான் பிசுபிசுப்புப் போகிறது. ஆங்கிலப் பெயர் ஒன்று முதல் தரமே அழகாக வந்தது.

ஜூலை 12
பக்கத்து ஊர்க் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கர் ஐயா ரசீதுக்குச் சீல் கேட்டிருந்தார். குத்திக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"புள்ள, இதென்ன 'வணணககர'? சாமிட ரசீதில இப்பிடிக் குத்தேலா."
மூன்று புள்ளியும் இல்லை. எனக்கு முகமே செத்துப்போயிற்று. "கொடியேறுறதுக்கு முதல் தந்தாச் சரி" என்று போனார். ஏசியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

ஜூலை 14
18 மில்லிமீற்றர் உயரத்துக்குள் நாலு வரி. எழுத்தே மூன்று மில்லிமீற்றர், அதில் புள்ளி ஒரு கடுகுகூட இல்லை. 60 செக்கன் ஒளி காட்டினால் பிரஷ் பட்டதும் புள்ளி கழன்று போகிறது. 150 காட்டினால் புள்ளி நிற்கிறது, ஆனால் 'ண'வின் சுழி அடைத்து மைத்திட்டாகிறது. நடுவில் 100 வைத்தேன். 'ர்' மட்டும் இன்னும் மொட்டையாகவே நிற்கிறது. ஆறு துண்டு வீண். ஆங்கில எழுத்துக்கு இந்தக் கரைச்சல் இல்லை. எங்கட எழுத்தில் புள்ளி போனால் பெயரே போய்விடுகிறது.

ஜூலை 16
ஒருவர் கிராம உத்தியோகத்தர் சீல் கேட்டார். கடிதமும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. இரண்டு மடங்கு தருவாராம். மாட்டேன் என்றேன். இந்த மாதம் மேசை வாடகைகூட இன்னும் சேரவில்லை, ஆனாலும் அந்தச் சீலால் யாரோ ஒருவரின் காணி கைமாறலாம். பதவிச் சீல் என்றால் அலுவலகக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, செய்த சீலின் ஒரு பதிவு. அதற்கென்று இன்றே ஒரு கொப்பி போட்டேன்.

ஜூலை 19
பிழை ஒளி காட்டுகிற நேரத்தில் இல்லை. கணினி எழுத்தின் புள்ளி கடதாசிக்கு வரைந்த புள்ளி. கோரல் ட்ரோ என்கிற வரைகலை மென்பொருளில் எழுத்தைக் கோடாக மாற்றி, ஒவ்வொரு புள்ளியையும் ஒன்றரை மடங்கு பெருப்பித்து, எழுத்தை நோக்கிக் கொஞ்சம் இறக்கினேன். பழைய பிரஷை விட்டுவிட்டுக் குழந்தைப் பிள்ளைகள் பல் தீட்டுகிற பிரஷால் கழுவினேன். 100 செக்கன். மூன்றும் நின்றன! மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஜூலை 22
ஐயா வந்தார். பழைய ரசீதின் பின்பக்கத்தில் பத்துத் தரம் குத்தினார். ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் புள்ளி எண்ணினார். காசைத் தந்துவிட்டு வாசல்வரை போய்த் திரும்பினார்.
"கணக்கப்பிள்ளைக்கும் ஒண்டு வேணும் புள்ள."
க், ப், ள். அதிலும் மூன்று. இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன்.