நாலு வருஷம் கழித்து தெப்பக்குளத்துக்குப் போனது

ஷூவின் அடிப்பாகம் தனியாகக் கழன்று வந்தபோது நான் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் இருந்தேன். 2019-இல் வாங்கியது, அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு பரணுக்குப் போய், அங்கேயே கிடந்தது. சும்மா வைத்திருந்தாலே ஷூவின் பசை காய்ந்து விட்டுப்போகும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். கழன்றதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்கு நின்றேன், 2023 ஜனவரி.

சரி, புது ஷூ வாங்கியாயிற்று. அங்கேதான் தப்புச் செய்தேன். அந்தக் காலத்தில் குளத்தை நாலு சுற்று விடாமல் ஓடுவேன், ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அதே நாலு சுற்று, அதே வேகம் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டு கிளம்பி, ஒன்றரைச் சுற்றில் வாந்தி வருகிற மாதிரி ஆகி, மீதியை வீம்புக்கு ஓடி முடித்தேன். மறுநாள் வலித்தது, அதற்கடுத்த நாள் இன்னும் வலித்தது. மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன், கழிப்பறையில் குந்தி உட்காரக் குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பழக்கமில்லாத வேலை செய்தால் தசைவலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தானே இறங்கும், அது சாதாரணம். நானோ அதை என் சோம்பேறித்தனத்துக்கு விழுந்த அடியாக எடுத்துக்கொண்டு, 'தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்தா இப்படித்தான்' என்று என்னை நானே திட்டி, ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தினேன். மூன்று வாரம் குளத்துப் பக்கமே போகவில்லை.

ஆபீஸ் இரண்டாவது மாடி. ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். அதற்கும் திட்டுதான்.

நாத்தனார் நர்ஸ். பொங்கலுக்கு வர முடியாததால் மாசியில் வந்தவள் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணி, கடைசியா எப்போ ரத்தம் டெஸ்ட் பண்ணீங்க?" என்றாள். ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்பார்கள். இரண்டு வருஷமாக மாதவிலக்கு அதிகம் போய்க்கொண்டிருந்தது, அதையும் 'எல்லாருக்கும் உள்ளதுதானே' என்று தள்ளிவிட்டிருந்தேன். டாக்டர் அதற்குத் தனியாக ஸ்கேன் எழுதினார், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், மாத்திரையோடு டீ குடிக்கக் கூடாது, எலுமிச்சை ஜூஸ் குடிக்கலாம் என்றார். காலை டீயைத் தள்ளிப் போடுவதுதான் எனக்குப் பெரிய தவமாக இருந்தது.

அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உடம்பு மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் போட்ட சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. நாத்தனாருக்கு இதே மூச்சு வாங்கல் வந்திருந்தால் 'சோம்பேறி' என்றா சொல்லியிருப்பேன்? கையைப் பிடித்து லேபுக்கு இழுத்துப் போயிருப்பேன். 'தன்மேல் கருணை' என்று யாராவது பேசினால் முன்பெல்லாம் கழிவிரக்கத்துக்குப் புதுப்பெயர் வைக்கிறார்கள் என்று நினைப்பேன். கழிவிரக்கம் 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று மூலையில் உட்காரும், இதுவோ 'சரி, எங்கே வலிக்குது, சொல்லு' என்று கேட்கிறது.

மூன்று மாசம் மாத்திரை, ஒரே ஒரு சுற்று நடை, அதுவும் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். பாட்டி ஒருத்தி என்னைத் தாண்டிப் போனார்கள், போகட்டும். பழைய வேகமெல்லாம் பதிந்திருந்த செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். அருகம்புல் ஜூஸ்காரர் "என்ன தாயி, ரொம்ப நாளா ஆளையே காணோம், கொஞ்சம் பூசினாப்ல இருக்கே" என்றார். முன்பென்றால் அந்த ஒரு வார்த்தைக்கே மறுநாள் வந்திருக்க மாட்டேன்.

ரத்தம் 11.8 ஆனதும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஓடியே பழக்கமில்லாதவர்களைப் படிப்படியாக ஐந்து கிலோமீட்டர் ஓட வைக்கிற 'கவுச் டு 5கே' திட்டத்தைப் பிடித்தேன். வாரம் மூன்று நாள், முதல் வாரத்தில் 60 நொடி மெல்லோட்டம், 90 நொடி நடை, மாற்றி மாற்றி 20 நிமிஷம். காகிதத்தில் ஒன்பது வாரம். எனக்கு நாலாவது வாரமே மூன்று தடவை வந்தது. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன வாரம் முழுக்கப் போகவில்லை, அதைச் சேர்த்து அடுத்த வாரம் ஆறு நாள் ஓடி 'ஈடுகட்டவும்' இல்லை. விட்ட நாள் விட்டதுதான். மூச்சு சீக்கிரம் பழகினாலும் முழங்கால், குதிகால் தசைநாரெல்லாம் நிதானமாகத்தான் பழகும் என்பதால் அந்த இடைவெளி ஒருவகையில் நல்லதாகவே போயிற்று.

ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாளுக்கு எல்லாரும் பயப்படுவார்கள், அன்றுதான் திடீரென்று 20 நிமிஷம் நிற்காமல் ஓடச் சொல்லியிருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்த நாள். 14 நிமிஷத்தில் விலாவில் பிடித்துக்கொண்டது. பழைய குரல் வாயைத் திறந்தது, திறக்கட்டும் என்று நடந்தே மீதி ஆறு நிமிஷத்தை முடித்தேன். அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்து, நடு மண்டபத்தைப் பார்த்தபடி, சூடாக ஒரு டம்ளர் பருத்திப்பால் குடித்தேன். புதன்கிழமை மறுபடியும் அதே மூன்றாம் நாள்.