ஜம்பரில் கொஞ்சம் தொய்வு

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் ஒரு 220 கேவி (கிலோவோல்ட்) துணைமின் நிலையத்தை நிலநடுக்கத்துக்குத் தயார்படுத்தும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. முதல் நாள் யார்டை, அதாவது மின்சாதனங்கள் நிற்கும் திறந்தவெளியை, சுற்றிக் காட்டியவர் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த ஓர் ஆபரேட்டர். எல்லோருக்கும் அவர் காகா (சித்தப்பா). எனக்கும் அப்படியே ஆனார். 2001 ஜனவரி 26 காலை 8.46க்கு, அந்தப் பெரிய நிலநடுக்கம் வந்தபோது, அவர் டியூட்டியில் இருந்தவர். "தரை குலுங்கினதைவிட மேலேயிருந்து வந்த சத்தம்தான், பேட்டா, இன்னும் காதில் இருக்கிறது. பீங்கான் ஒவ்வொன்றாக முறிந்த சத்தம்" என்றார்.

மின்னோட்டத்தை அளக்க உதவும் சி.டி. (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்), மின்னலைத் தரைக்குக் கடத்தும் லைட்னிங் அரெஸ்டர், மின்சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கர் எல்லாம் யார்டில் நெட்டையாக நிற்பவை. கீழே எஃகு ஸ்ட்ரக்சர், அதன்மேல் ஒல்லியான பீங்கான். எங்கள் சி.டி.க்குத் தலையில்தான் கனம் முழுவதும். தரை ஆடும்போது அந்தத் தலை வேறொரு தாளத்தில் ஆடும். அதன் இழுப்பெல்லாம் அடியில், பீங்கானை ஸ்ட்ரக்சரோடு பிணைக்கும் ஃபிளாஞ்சின் சிமென்ட் பூச்சுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து சேரும். எஃகு வளைந்து கொடுக்கும். பீங்கானுக்கு அது தெரியாது.

ஷட்டவுன் வாங்கி மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிவிட்டு, கண்டக்டர் கம்பியைக் கழற்றி, ஒரு சி.டி.யின் தலையில் கயிறு கட்டி மெதுவாக இழுத்துச் சட்டென்று விட்டோம். நொடிக்கு நான்கு ஆட்டம் என்று காட்டியது சென்சார். ஆட்டம் லேசில் அடங்கவில்லை. ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைச் சொல்லும் ஒடுக்கம் 2 சதவீதம்தான். ஸ்ட்ரக்சரை விறைப்பாக்கினால் போதும் என்று நினைத்து, குறுக்கே ஆங்கிள் வைத்து போல்ட் போட்டோம். இரண்டு வார உழைப்பு. மறுபடி இழுத்து விட்டால் நொடிக்கு ஆறு. எல்லோருக்கும் சந்தோஷம்.

அன்று ராத்திரி விடுதி அறையில் அந்த ஆறை, எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு விசை வரும் என்று காட்டும் ஐ.எஸ். 1893 (இந்திய நிலநடுக்க நெறிமுறை) வளைகோட்டில் வைத்துப் பார்த்தேன். கெட்டியான மண்ணுக்கு அந்தக் கோடு நொடிக்கு 2.5 ஆட்டத்திலிருந்து 10 வரை தட்டையாகவே போகிறது. நான்கில் இருந்தாலும் ஆறில் இருந்தாலும் அதே விசை. இரண்டு வாரம் ஆள்களை வெயிலில் நிறுத்தி வாங்கிய வேலை, பீங்கானின் சுமையில் ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வழி வேறு பக்கம் இருந்தது. அதே நெறிமுறையின் 2002 பதிப்பில் ஒரு சின்ன அட்டவணை உண்டு: ஒடுக்கம் 2 சதவீதம் என்றால் விசையை 1.4ஆல் பெருக்கு, 5 என்றால் 1, 10 என்றால் 0.8. ஆட்டத்தை அடக்கும் ஏதோ ஒன்றை அடியில் வைத்தால் விசை கிட்டத்தட்டப் பாதியாகும். துருப்பிடிக்காத எஃகு வடத்தைச் சுருளாக்கி இரு பட்டைகளுக்கு நடுவில் கோத்த தாங்கிகளைத் தேர்ந்தெடுத்தோம். ஆடும்போது வடத்தின் இழைகள் ஒன்றோடொன்று உரசியே ஆட்டத்தைத் தின்றுவிடும்.

ஒரு சி.டி.யையும் தாங்கிகளையும் லாரியில் ஏற்றி பெங்களூருவில் உள்ள மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொண்டுபோனோம். மூன்று திசையிலும் நகர்ந்து, மூன்று அச்சிலும் சாயும் அதிர்வு மேடை அங்கே இருக்கிறது. முதலில் 1 முதல் 33 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஓட்டினார்கள். பிறகு நிஜ நிலநடுக்கம் போன்ற குலுக்கல். பீங்கான் எவ்வளவு இழுபடுகிறது என்று காட்ட அதன் அடியில் ஒட்டிய ஸ்ட்ரெய்ன் கேஜ் நாங்கள் எதிர்பார்த்த அளவு இறங்கியது. ஆனால் என் கண் அதில் இல்லை. தாங்கி இளகிக் கொடுத்ததால் தலை ஒரு சாணுக்கு மேல் போய் வந்துகொண்டிருந்தது. அந்தத் தலையில் ஒரு கண்டக்டர் கட்டியிருந்தால் என்ன ஆகும்?

யார்டுக்குத் திரும்பி நிமிர்ந்து பார்த்தேன். ஒரு சாதனத்தை அடுத்ததோடு இணைக்கும் கம்பிகளான ஜம்பர்கள் அத்தனையும் முறுக்கேற்றிய வீணைத் தந்தி மாதிரி நேராக இருந்தன. இழுத்துக் கட்டினால்தான் வேலை சுத்தம் என்பது யார்டுகளில் ஊறிப்போன பழக்கம். நானே எத்தனையோ தடவை அப்படிக் கட்டச் சொல்லியிருக்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு சாதனங்கள் எதிரெதிராக ஆடினால் கம்பி விறைத்து, ஒன்றை மற்றொன்று வெடுக்கென்று இழுக்கும். அடியில் எவ்வளவு நல்ல தாங்கி இருந்தாலும் அந்த ஒரு இழுப்பில் பீங்கான் போய்விடும். தலை நகரும் தூரத்தைக் கூட்டும் தாங்கியை வைத்துவிட்டு ஜம்பரை அப்படியே விட்டிருந்தால், நாங்களே கேடு செய்தவர்களாகியிருப்போம்.

இரண்டு தலைகளின் ஆட்டத்தையும் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து ஒவ்வொரு ஜம்பருக்கும் நீளம் கணக்கிட்டோம். ஃபிட்டர் முதலில் கயிற்றைத் தொங்கவிட்டு வளைவைப் பார்ப்பார். பிறகுதான் கண்டக்டரை வெட்டுவார். தொய்வு விட்டால் கம்பி கீழே இறங்கும். 220 கேவிக்குத் தரைத்தொடர்புள்ள பாகத்திலிருந்து 2,100 மி.மீ. இடைவெளி குறையக் கூடாது. பே என்று நாங்கள் சொல்லும் சாதன வரிசைகளில் இரண்டில் அதற்கு இடமே இல்லாமல் வளைவைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியதாயிற்று. இரட்டைக் கண்டக்டர் இருந்த இடங்கள்தான் ரொம்பப் படுத்தின. தடித்த கம்பி தானாக வளையாது, தொய்வு இருந்தும் தள்ளும். அங்கே மென்மையான பின்னல் பட்டை போட்டோம்.

மற்றவை சிக்கலில்லாமல் முடிந்தன. டிரான்ஸ்ஃபார்மரின் சக்கரங்களைக் கழற்றி, அடிச்சட்டத்தை அடித்தளத் தகட்டோடு வெல்டு செய்தோம். கன்ட்ரோல் ரூம் பேனல்களைத் தலைப்பக்கம் சுவரோடு பிணைத்தோம். பேட்டரி வரிசைக்கு முன்தடுப்பு வைத்தோம். அரெஸ்டர்களைப் பீங்கானிலிருந்து சிலிகான் ரப்பர் உறைக்கு மாற்றினோம்.

காகா ஓய்வுபெற்ற அன்று மாலை, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டே யார்டை ஒரு சுற்று வந்தார். நாலாவது பேயில் நின்று, மூன்று ஃபேஸ் கம்பிகளில் ஒன்றை நோக்கிக் கையை நீட்டினார். "அந்த ஒய் ஃபேஸ் கொஞ்சம் இறுக்கமா தெரியுது பேட்டா." பைனாகுலரில் பார்த்தேன். சரிதான். அடுத்த ஷட்டவுனில் முக்கால் அடி கூட்டிப் போட்டோம்.