சித்தப்பாவும் 55 சதவீதமும்

என் சித்தப்பா காரைக்குடியில் 40 ஆண்டுகள் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்தவர். இப்போது ஓய்வில் இருக்கிறார். காலையில் செய்தித்தாளை விளம்பரம் உட்பட முழுவதும் படித்துவிடுவார். பிறகு எனக்குப் போன் வரும். 2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எடுத்த எடுப்பிலேயே கேட்டார்:

"ஏம்மா, ஹார்வர்டுக்காரர்கள் நூற்றுக்கு 69 எடுத்துக்கொள்கிறார்களாமே? மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசாங்கம் கொடுக்கிற பணத்திலா? நீயும் அப்படி ஓர் இடத்தில்தானே கணக்கு எழுதுகிறாய்?"

ஆமாம், எழுதுகிறேன். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மானியக் கணக்குப் பிரிவில் 17 ஆண்டுகளாக வேலை. அந்த வெள்ளிக்கிழமை, பிப்ரவரி 7 அன்று, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. மானியங்களோடு சேர்த்துக் கொடுக்கும் மறைமுகச் செலவு, அதாவது கட்டிடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவு, இனி எல்லோருக்கும் 15 சதவீதம்தான்; திங்கட்கிழமை முதல் அமல். ஹார்வர்டு 69, யேல் 67.5, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 63.7 என்று படம் போட்டு வேறு காட்டியிருந்தார்கள். எங்கள் விகிதம் 55. இரண்டு நாட்களாக எனக்குச் சரியான தூக்கமில்லை.

சித்தப்பாவிடம் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 55 சதவீதம் என்றால் வந்த 100 டாலரில் 55-ஐ நாங்கள் எடுத்துக்கொண்டு பேராசிரியர் கையில் 45-ஐக் கொடுப்பதில்லை. அவருக்கு 100 முழுதாகப் போகும். அதன் மேல் எங்களுக்கு 55 தனியாக வரும். அதுவும் எல்லாச் செலவுக்கும் கிடையாது. அன்று என் மேஜையில் இருந்த ஒரு மானியக் கோப்பையே படித்துக் காட்டினேன். நேரடிச் செலவு 2,50,000 டாலர். அதில் நுண்ணோக்கி 40,000, மாணவர் கல்விக் கட்டணம் 20,000. இவை இரண்டையும் கழித்துவிட வேண்டும் என்பது விதி. மிச்சம் 1,90,000. அதில் 55 சதவீதம் 1,04,500. ஆக மொத்த மானியம் 3,54,500 டாலர். அதில் எங்கள் பங்கு நூற்றுக்கு முப்பதுகூட இல்லை. 15 சதவீதமாக்கினால் 28,500தான் வரும். இந்த ஒரு கோப்பில் மட்டும் 76,000 டாலர் பள்ளம்.

"சரி, அந்த ஒரு லட்சத்துச் சொச்சத்தை வைத்து என்ன செய்கிறீர்கள்?"

இதற்குத்தான் அறைக் கணக்கெடுப்பைப் பற்றிச் சொன்னேன். இந்த விகிதம் வானத்திலிருந்து விழுவதில்லை. மத்திய அரசின் அதிகாரிகள் வந்து சரிபார்த்து, பேரம் பேசி முடிவு செய்வது. அதற்காக நாங்கள் கட்டிடம் கட்டிடமாக, அறை அறையாகப் போய் இந்த இடத்தில் எவ்வளவு பங்கு ஆராய்ச்சிக்கு, எவ்வளவு வகுப்புக்கு என்று குறிக்க வேண்டும். பேராசிரியர்கள் எல்லோரும் "நூறு சதவீதம் ஆராய்ச்சி" என்பார்கள். அலமாரியில் பார்த்தால் முதலாமாண்டு மாணவர்களின் சோதனைக் குழாய்கள் அடுக்கியிருக்கும். நான் சிரித்துக்கொண்டே 80 என்று எழுதுவேன்.

அப்படி ஒரு முறை அடித்தளத்து நடைபாதையில் 9 ஃப்ரீசர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். மைனஸ் 80 டிகிரி. கதவோரத்தில் உறைபனி, ஒன்றின் மேல் யாரோ மார்க்கரில் "2009, தூக்கி எறியாதே" என்று எழுதியிருந்தார்கள். அவை விடும் அனலில் பிப்ரவரி மாதத்திலும் அந்த நடைபாதையில் கோட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. பழைய ஃப்ரீசர் ஒன்று நாளைக்கு 20 யூனிட் இழுக்கும். தமிழ்நாட்டில் 2025-இல் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கொடுத்த 100 யூனிட்டை அது ஐந்தே நாளில் தின்றுவிடும். எந்த மானியக் கோப்பிலும் "ஃப்ரீசர் மின்சாரம்" என்று ஒரு வரி கிடையாது. ஒரே ஃப்ரீசரில் நான்கு பேருடைய மாதிரிகள் இருக்கும்போது யார் தலையில் எவ்வளவு எழுதுவது? அதனால்தான் பொதுவில் ஒரு விகிதம். நச்சுவாயுவை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுகள், எலிகளைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவர், ரசாயனக் கழிவை எடுத்துப் போகும் வண்டி, நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் குழு, எல்லாம் இதற்குள்தான்.

சித்தப்பாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "சாப்பாட்டுக்குப் பணம் தருகிறேன், மண்டப வாடகையும் கரண்டு ரீடிங்கும் என்னால் தர முடியாது என்கிற கதை" என்றார். எனக்கு ஒரே மகிழ்ச்சி. அடுத்த வாக்கியத்திலேயே அதைக் கெடுத்தார்: "ஆனால் ஜெனரேட்டர் ஓடாத நாளுக்கும் டீசல் கணக்கு எழுதுகிற மண்டபக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்."

இங்கே எனக்கு வாயடைத்தது. ஏனென்றால் அப்படியும் நடந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1980-களில் தன் மறைமுகக் கணக்கில் ஓர் உல்லாசப் படகின் தேய்மானத்தையும், பல்கலைக்கழகத் தலைவர் வீட்டுப் பூக்களையும் சேர்த்திருந்தது. 1991-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. படகைச் சேர்த்தது கணக்கில் நேர்ந்த பிழை என்றது பல்கலைக்கழகம். பின்னால் 1994-இல் 12 லட்சம் டாலர் கட்டி விவகாரம் முடிந்தது. மோசடி என்று அரசும் சொல்லவில்லை. ஆனால் தலைவர் டொனால்ட் கென்னடி பதவி விலகவேண்டி வந்தது. படகு என்ற சொல் மட்டும் இன்றுவரை போகவில்லை. மானியக் கணக்கு என்று வாயைத் திறந்தாலே யாராவது படகை இழுத்து வருவார்கள்.

அந்த விசாரணைக்குப் பிறகுதான், இந்த விகிதத்துக்குள் பல்கலைக்கழகங்களின் நிர்வாகச் செலவுக்கு 26 சதவீதம் என்று உச்சவரம்பு வந்தது. 1991-இல் வைத்தது, இன்றும் அதே 26. இடையில் எத்தனை புதிய விதிகள், எத்தனை புதிய படிவங்கள்! 26-க்கு மேல் போவதைப் பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து போட்டுக்கொள்கிறது. இதை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான். ஒரே ஒரு எண்ணைக் காட்டினோம், அதுவும் நாங்கள் மட்டுமே படிக்கக்கூடிய எண். மண்டபக்காரராவது மீட்டரைக் காட்டுவார். கேட்ஸ் அறக்கட்டளை பல்கலைக்கழகங்களுக்கு 10 சதவீதம்தானே தருகிறது, அரசு மட்டும் ஏன் கூடுதலாகத் தரவேண்டும் என்று கேட்டால், அந்தப் பாக்கியை நாங்கள் எங்கிருந்து ஈடுகட்டுகிறோம் என்பதற்கு என்னிடமே ஒரு பக்கத்தில் அடங்கும் பதில் இல்லை. 17 ஆண்டுகள் கணக்கு எழுதியவளிடமே இல்லை.

அறிவிப்பு அமலுக்கு வரவேண்டிய அந்தத் திங்கட்கிழமையே அதை எதிர்த்து 22 மாநிலங்கள் வழக்குப் போட்டன. அன்றே பாஸ்டனில் நீதிபதி ஏஞ்சல் கெல்லி தற்காலிகத் தடை விதித்தார். ஏப்ரலில் அது நிரந்தரத் தடையானது. 2026 ஜனவரி 5 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இப்படி வெட்டக்கூடாது என்று நாடாளுமன்றம் 2018 முதலே நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் எழுதிவைத்திருக்கிறது என்பதுதான் வாதத்தின் முதுகெலும்பு. இடைப்பட்ட மாதங்களில் எங்கள் அலுவலகத்தில் காலியான நாற்காலிகளுக்கு ஆள் எடுக்கவில்லை. அடித்தளத்து ஃப்ரீசர்களில் இரண்டை அணைத்துவிட்டார்கள். அந்த 2009 ஃப்ரீசர் மட்டும் இன்னும் ஓடுகிறது.

தீர்ப்பு வந்த வாரம் சித்தப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, அந்த 55-இல் உன் சம்பளம் எங்கே வருகிறது?" என்றார்.

"26-இல், சித்தப்பா."

"அப்படியென்றால் மண்டப மேனேஜர் நீதானா!" என்று சிரித்தார். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு சித்தியைக் கூப்பிட்டு அதையே இன்னொரு முறை சொன்னார்.