மாஷுக்கு எழுதிய கடிதம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ்வழியில் படித்த நாங்களும் ஆசிரியரை ‘மாஷ்’ என்றே அழைப்போம். பள்ளியில் எனக்குத் தமிழ் கற்பித்து, பணி ஓய்வு பெற்ற பின்பும் மூன்று ஆண்டுகள் ஞாயிறுதோறும் தம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தி, கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி தரும் நெட் தேர்வுக்கு என்னை ஆயத்தப்படுத்திய மாஷுக்கு முறையாக நன்றி சொல்ல, தேர்ச்சி பெற்ற பிறகும் எனக்கு ஓராண்டு தேவைப்பட்டது.

அத்தேர்வின் இரண்டாம் தாளில் தமிழ்ப் பாடத்திலிருந்து வரும் 100 வினாக்கள் எனக்கு அச்சம் தரவில்லை. எல்லாப் பாடத்தினருக்கும் பொதுவான முதல் தாளின் 50 வினாக்களோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். அதிலுள்ள தருக்கப் பகுதியும் தரவு விளக்கமும் முதல் முயற்சியில் என்னை வீழ்த்தின. மாஷ் அதுவரை அப்பாடங்களைத் தொட்டதே இல்லை. அறுபதைக் கடந்த வயதில், பழைய வினாத்தாள்களைத் தேடி வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாரம் முழுவதும் தாமே படித்து, ஞாயிறன்று எனக்குத் தமிழில் விளக்கினார். இதை இன்று நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆய்வு உதவித்தொகையாக முதல் மாதம் வந்த 37,000 ரூபாயில் ஒரு பகுதியை உறையிலிட்டு, வெற்றிலை பாக்குடன் தட்டில் வைத்து நீட்டினேன். வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, “இதற்குப் புத்தகம் வாங்கு” என்று உறையைத் திருப்பித் தந்துவிட்டார். ஓணத்துக்கு வேட்டி எடுத்துச் சென்றேன். அதை வாங்கிக்கொண்டவர், பெரியவர்கள்தாம் ஓணக்கோடி கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அதைவிட விலை கூடிய புடவையை என் கையில் வைத்தார்.

அதன் பிறகே கடிதம் எழுதத் தொடங்கினேன். முதல் வரைவில் ஏணி, தோணி, கலங்கரை விளக்கம் எல்லாம் இருந்தன. எந்த ஆசிரியருக்கும் பொருந்தக்கூடிய அச்சொற்களில் என் மாஷ் இல்லை என்பதால் அதைக் கிழித்துவிட்டு, பழைய குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் அவர் கையால் இட்ட தேதி இருந்தது; அவற்றைப் பார்த்துப் பார்த்து, எந்த நாளில் என்ன செய்தார் என்று எழுதினேன். இரண்டாம் முறை, இணையச் சேவைகளுக்கான அக்ஷயா மையத்தில் விண்ணப்பித்தபோது கட்டணத்தைத் தாமே கட்டி, “பிறகு கொடுத்தால் போதும்” என்றவர் பிறகு கேட்கவே இல்லை. தேர்வன்று விடியற்காலைப் பேருந்தில் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு உடன் வந்து, நான் எழுதிய மூன்று மணி நேரமும் வெளியே காத்திருந்தார். நன்றிக் கடிதம் எழுத நினைப்பவர்கள் இப்படி நாளையும் செயலையும் எழுதுவதே நல்லது என்பது என் கருத்து.

மாஷுக்குக் கண்புரை அறுவை முடிந்திருந்த சமயம் என்பதால், நான்கு பக்கங்களையும் நானே அதே திண்ணையில் அமர்ந்து வாசித்தேன். கோயம்புத்தூர்ப் பயணம் வந்ததும், “அன்று நல்ல மழை, அதை எழுதவில்லையே” என்றார். கடைசிப் பக்கத்தில் மறுபடியும் என்னை நிறுத்தி, ஒரு வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

“‘பொறுமையாக சொல்லி’ என்றா எழுதியிருக்கிறாய்? அங்கே ஒற்று மிகும்.”

பேனாவை எடுத்து ‘ச்’ சேர்த்தேன். கடிதத்தை வாங்கி மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.