பார்க் ஜி-சங் ஊரில் மீன் குழம்பு

ஆபீஸ் மைக்ரோவேவில் மீன் குழம்பைச் சூடாக்கினேன், ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போய் ஜன்னலைத் திறந்தார். தேங்காய் அரைத்து கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் எங்கள் தூத்தூரில் வைக்கிற மாதிரி வைத்த குழம்பு, மறுநாள்தான் அதற்கு ருசியே. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். அந்தக் கொரியர்களுடைய புளித்த சோயா விழுதுக் குழம்பு, டென்ஜாங் ஜிகே, கொதிக்கும்போது வராத வாசனையா? ஆனாலும் வந்த இடத்தில் எதற்கு வம்பு.

நான் இருப்பது தென்கொரியாவில் சுவோன், கால்பந்து வீரர் பார்க் ஜி-சங் வளர்ந்த ஊர். அவர் பெயரில் இங்கே ஒரு சாலையே உண்டு. 2002 உலகக் கோப்பையில் போர்ச்சுகலுக்கு எதிராக நெஞ்சில் பந்தை வாங்கி, வலது காலால் தூக்கித் தட்டி, இடது காலால் உள்ளே அடித்தாரே, அந்த கோலுக்கு எங்கள் கடற்கரையே ஆடியது. மறுநாள் மணலில் ஒவ்வொரு பையனும் அதையே அடித்துப் பார்த்தான்.

புதிய நாட்டில் அவர் பட்டதையெல்லாம் அப்போது யார் யோசித்தோம்? 2003-இல், உலகக் கோப்பையில் கொரிய அணியின் பயிற்சியாளராக இருந்த ஹிடிங்க் அவரை நெதர்லாந்தின் பிஎஸ்வி கிளப்புக்கு அழைத்துப் போனார், சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டு விரட்டப் பார்த்தார்கள். அதே மைதானத்தில் 2005 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இத்தாலியின் மிலனுக்கு எதிராக கோல் அடித்தார். அப்புறம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட். அங்கே ரசிகர்கள் அவருக்கென்று ஒரு பாட்டே கட்டினார்கள், அதில் உங்கள் நாட்டில் நாய் தின்பீர்கள் என்று ஒரு வரி. பாட்டு கிடைத்ததில் முதலில் பெருமையாக இருந்ததாம், அந்த வரி மட்டும் உறுத்தியதாம். புது இடம், இதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்போல என்று இருந்துவிட்டார்.

2021-இல் இன்னொரு கொரிய வீரர் ஹ்வாங் ஹீ-சான் வுல்வ்ஸ் என்கிற இங்கிலாந்து கிளப்பில் சேர்ந்தபோது யுனைடெட் ரசிகர்கள் அவர் காதுபடவும் அதையே பாடினார்கள். அப்போதுதான் பார்க் வாயைத் திறந்தார்: இது கொரியர்களுக்கு இன அவமானம், நிறுத்துங்கள், அந்தப் பையன் இதைக் கேட்க வேண்டி வந்ததே என்று வருத்தமாக இருக்கிறது என்றார். ஓய்வு பெற்று ஏழு வருஷம் கழித்து. தனக்காகப் பொறுத்துக்கொண்டவர் பின்னால் வந்தவனுக்காகப் பேசினார் பாருங்கள், என்னைக் கேட்டால் அவர் அடித்த எல்லா கோலையும்விட அதுதான் பெரிது.

சரி, எனக்கு இங்கே பழகிவிட்டது. கிம்ச்சி இல்லாமல் சோறு இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கொரிய நண்பர்களோடு பந்தும் ஆடுகிறேன், ஆனால் கோலுக்குப் பக்கத்தில் போனால் வாயில் வருவது "லேய், இஞ்ச போடுலே" தான். ஊரில் திருவிழா டோர்னமென்ட் தொடங்கியிருக்கும், தம்பி எந்த டீமில் ஆடுகிறான் என்று கேட்க வேண்டும்.