வாடகை வான் பிடிக்காமல் திருகோணமலையில் மூன்று நாள்

"திருமலையா? வாகனம் இல்லாமல் அங்கே ஒன்றும் பார்க்க ஏலாது." திருகோணமலைக்குப் போகப்போகிறோம் என்று மட்டக்களப்பில் யாரிடம் சொன்னாலும் இதே பதில்தான். அத்தான் ஒருபடி மேலே போய் வான்காரரிடம் விலையும் பேசிவிட்டார். நாளுக்கு 18,000 ரூபாய். போவது நானும் அம்மாவும் மட்டும், இரண்டு பேருக்கு எதற்கு வான்? மூன்று நாளுக்கு 54,000 என்று கணக்குப் பார்த்ததுமே எனக்குத் தலை சுற்றியது. "பஸ்ஸிலேயே போவம் பிள்ளை" என்றார் அம்மா. நேற்று இரவுதான் திரும்பி வந்தோம். இடுப்பு வலி இன்னும் போகவில்லை, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வாகரை, வெருகல், மூதூர் வழியாகப் போகிற பஸ். கிண்ணியாப் பாலம் வந்ததும், அதுவரை தூங்கி வழிந்த அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் இங்கே பாலம் கிடையாது, பாதைதான். வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவையை எங்கள் பக்கம் பாதை என்றுதான் சொல்வோம். அது வரும்வரை அம்மம்மாவோடு வெயிலில் காத்துக்கிடந்த கதையை அம்மா சொல்லி முடிப்பதற்குள் பஸ் பாலத்தைக் கடந்துவிட்டது. 2009இல் திறந்த பாலம், 396 மீற்றர். திறந்தபோது இலங்கையின் மிக நீளமான பாலம் அதுதான் என்று படித்திருக்கிறேன், ஆனால் அது என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பது அம்மாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

கோணேசர் கோயிலுக்கு பஸ்ஸே தேவையில்லை. பஸ் நிலையத்திலிருந்து நடந்து, கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மான்களைப் பார்த்துக்கொண்டே ஏறிவிடலாம். 67 வயது அம்மா ஏறினார், இரண்டு இடத்தில் மட்டும் உட்கார்ந்து எழும்பினார். காலை ஆறரைக்குள் போய்விடுங்கள், வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை.

அடுத்த நாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு. இதில்தான் எனக்கு முதல் கோபம். அநுராதபுரம் வீதியால் போகிற எந்த பஸ்ஸிலும் கன்னியாச் சந்தியில் இறங்கலாம் என்று சொன்னார்கள். சரி என்று ஏறப் போனால், தூரப் பயண பஸ்காரர் ஒருவர் "கிட்டத்து ஆட்களை ஏற்ற மாட்டோம்" என்று அம்மா படியில் கால் வைத்த பிறகு இறக்கிவிட்டார். உள்ளே ஆறேழு இருக்கை காலியாகக் கிடந்தது! வயதான மனுசி என்றுகூடப் பார்க்கவில்லை. பிறகு வந்த வவுனியா பஸ்ஸின் கொண்டக்டர் தம்பி, கேட்காமலே முன் இருக்கையில் இடம் எடுத்துக் கொடுத்து, சந்தி வந்ததும் "அம்மா மெல்ல இறங்குங்க" என்று கையும் பிடித்தார். அந்தத் தம்பி நன்றாயிருக்க வேண்டும்.

சந்தியிலிருந்து உள்ளே ஒரு கிலோமீற்றர் அளவு நடை. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக வீசியது, கையில் தண்ணீரும் குடையும் இல்லாமல் வராதீர்கள். வெந்நீர்க் கிணறுகள் ஏழு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்ய உண்டாக்கிய ஊற்று என்பது நம்பிக்கை. அம்மம்மா இறந்தபின் செய்த அந்தியேட்டிக் கிரியைக்கு மாமாமார் இங்கே வந்திருந்தார்களாம். அம்மா வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். நானும் அவசரப்படுத்தவில்லை. வான் என்றால் வெளியே ஒருவர் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றிருப்பார்.

நிலாவெளிக் கடற்கரைக்குப் புல்மோட்டை வீதி பஸ். 100 ரூபாய்த் தாளைக் கொடுத்தேன், மிச்சக் காசும் வந்தது! கடலைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்ல? கச்சான் வீசுகிற மாதங்களில் குளம் மாதிரிக் கிடக்கிறது. ஆனால் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்கா காட்டிய கடை அது. பெயர்ப்பலகை இல்லை, வீட்டு முன்விறாந்தையில் நாலு மேசை. சோறு, தேங்காய்ப்பால் வற்றக் காய்ச்சிய கணவாய்க் கறி, முருங்கையிலை வறை, பொரித்த மிளகாய். கணவாய் பூப்போல வெந்திருந்தது, கொஞ்சமும் சவ்வு இல்லை. மீன் சொதியை மட்டும் மூன்று தரம் வாங்கினேன். அம்மா வெளியில் எதைச் சாப்பிட்டாலும் குறை சொல்லுகிறவர், குசினிக்குள்ளே போய்ப் பக்குவம் கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேருக்கும் 1,100 ரூபாய். அன்று காலையில் ஹோட்டலில் ஆறிப்போன இடியப்பத்துக்கே 1,400 கொடுத்திருந்தோம்.

அந்தச் சந்தோசத்தில் நேரம் போனது தெரியவில்லை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஐந்து பேரிடம் கேட்டேன், ஐந்து பதில். இருட்டிவிட்டது, பஸ்ஸைக் காணவில்லை. வந்த ஓட்டோக்காரர் டவுனுக்கு 3,500 கேட்டார். பதினைந்து கிலோமீற்றருக்கு! மீற்றர் போடச் சொன்னால் "பழுது" என்கிறார். பேசிப் பேசி 2,500. மூன்று நாளும் திருமலைக்குள் ஓடிய பஸ் செலவு எல்லாம் சேர்த்தும் அதில் பாதிகூட வரவில்லை. பஸ் நிலையத்திலும் பெரிய தரிப்பிடங்களிலும் முதல் பஸ், கடைசி பஸ் நேரத்தை மூன்று மொழியிலும் ஒரு பலகையில் எழுதி வைத்தால் போதும், என்னைப் போன்றவர்கள் இப்படிக் காசைக் கொட்ட மாட்டோம். திருமலையில் பஸ் ஓடுகிறது, தாராளமாக ஓடுகிறது. வெளியூர்க்காரருக்கு அது தெரிய ஒரு வழியும் இல்லை.

நீங்கள் போவதானால் ஐந்து மணிக்கே வீதிக்கு வந்துவிடுங்கள். சில்லறை வைத்திருங்கள். வயதானவர்களோடு போனால் அரசாங்கத்தின் சிவப்பு பஸ்ஸுக்குக் காத்திருங்கள், எங்கள் அனுபவத்தில் அதுதான் அவர்கள் ஏறி உட்காரும் வரை நின்றது.

திரும்பும்போது கிண்ணியாவில் அம்மா ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கினார். மடியில் வைத்தால் குலுங்கும் என்று டிரைவர் அண்ணன் தன் இருக்கைக்குப் பின்னால் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தார். வெருகல் தாண்டி வாகரை வரை அம்மா அதிலேயே கண்ணாக இருந்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. இன்று காலை அதில் பாதியை அத்தானுக்குக் கொடுத்தனுப்பியாயிற்று.