நுரையீரல் பூஞ்சை: ஸ்கேனைவிட ரத்தத்தில் மருந்தின் அளவு முக்கியம்

எனக்குக் கீமோ முடிந்து வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருந்த சமயம் அது. ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றி ஏற்றியும் காய்ச்சல் விடவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் பிடிபடவில்லை. சிடி ஸ்கேனில்தான் நுரையீரலில் ஒரு கட்டியும் அதைச் சுற்றி மங்கலாக ஒரு வளையமும் தெரிந்தன; பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம் என்றார்கள்.

எந்தப் பூஞ்சை என்று தெரியும்வரை லிப்போசோமல் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்தை ஏற்றினார்கள். மியூக்கர் என்ற பூஞ்சையாக இருந்தால் இன்னொரு பூஞ்சை மருந்தான வோரிகோனசோல் வேலை செய்யாதாம். குளிர் நடுக்கம் பல் கிட்டும் அளவுக்கு வந்தது. பொட்டாசியம் சரிந்துகொண்டே இருந்ததால் அதற்கும் ஒரு பாட்டில். பிராங்கோஸ்கோபியில் (மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் காலாக்டோமானன் என்ற பூஞ்சைப் பொருளுக்கான டெஸ்ட் பாசிட்டிவ் வந்ததும், ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சை என்று முடிவுசெய்து வோரிகோனசோலுக்கு மாற்றினார்கள்.

முதல் நாள் கூடுதல் டோஸ், பிறகு குறைத்து, காய்ச்சல் விட்டபின் மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். மருந்து ஏறிய அரை மணியில் வெள்ளைச் சுவர் கூசும், விளக்கின் ஓரத்தில் நீலம் கசியும். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். ஆனாலும் முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் அப்படி அலறியிருக்க மாட்டேன்.

ஒரே டோஸ்தான் என்றாலும் ரத்தத்தில் அளவு ஆளுக்கு ஆள் மாறும். கல்லீரல் இதை உடைக்கும் வேகம் பரம்பரையைப் பொறுத்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைந்தால் பலன் சந்தேகம்; 5.5ஐத் தாண்டினால் மனக்குழப்பம், மாயத்தோற்றம் வரலாம். எனக்கு 1ஐத் தொடவில்லை, டோஸைக் கூட்டினார்கள். அடுத்த டோஸுக்குச் சற்று முன்பு எடுக்கும் ரத்தம்தான் கணக்கு. மாத்திரை போட்டபின் எடுத்தால் அந்த ரிசல்ட்டை நம்ப முடியாது. அதனால் ஊசியோடு வருபவரிடம் "இன்னும் போடலைங்க" என்று நானே முந்திக்கொண்டு சொல்வேன். வேறு எந்த மாத்திரை சேர்ந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுவேன். டிபி மருந்தான ரிஃபாம்பிசின் இதோடு சேரவே கூடாது.

அடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தது. வீட்டில் எல்லோரும் இடிந்துபோனார்கள். முதல் ஒரு வாரம், பத்து நாளில், வெள்ளணுக்கள் ஏறும்போது, மருந்து வேலை செய்தாலும் கட்டி பெரிதாகத் தெரிவது உண்டு என்றார் டாக்டர். காய்ச்சல் விட்டிருந்ததால் எனக்கு அது நம்பும்படி இருந்தது. அதற்கடுத்த ஸ்கேனில் சுருங்கியிருந்தது, நடுவில் குழிவிழுந்து.

சிகிச்சை குறைந்தது 6 முதல் 12 வாரம் என்பார்கள். எனக்கு அடுத்த கீமோ பாக்கி இருந்ததால் மாத்திரையை நிறுத்தவில்லை. கல்லீரல் டெஸ்ட் தொடர்கிறது. வெயிலில் தோல் சட்டென்று சிவந்துவிடுவதால் முழுக்கைச் சட்டைதான்.